அங்கத்தவருக்கு மட்டும்

ஒஸ்லோ நகர நடுவிலுள்ள உணவகம் ஒன்றில் வைன் தெரிவுசெய்து கொடுப்பது யதுர்ஷாவின் வேலை. தட்டுக் கழுவுவதில் தொடங்கிப் பத்து வருடங்களில் அந்த வேலையில் நல்ல பெயர் எடுத்திருந்தாள். அதனால்தான் மாமா முறையான குலசேகரத்தார் அவளை நகர்ப்புறத்தே ஹொல்ம்லியாவிலுள்ள தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். கலிபோர்னியாவிலுள்ள ஒரு வைன் தோட்டம் நடத்தும் வாடிக்கையாளர் சங்கத்தில் அவர் அங்கத்தவர். அங்கத்தவருக்கு மட்டும் கொஞ்சமாகச் செய்து அனுப்பும் சின்பண்டெல் என்ற சிவப்பு வைனைப் பற்றி அவர் பீற்றிக்கொள்ளாத கலியாண வீடு இல்லை. இப்போது அதை நோர்வேக்கு இறக்குமதி செய்யப் போகிறாராம்.

அவர் திறந்து வைத்த மூன்று போத்தல்களையும் அவள் பொறுமையாகவே சுவைத்துப் பார்த்தாள். முதலாவது பரவாயில்லை. மற்ற இரண்டும் ஜாம் கரைத்த தண்ணீர் மாதிரித் தித்தித்து, பிறகு தொண்டையைச் சுட்டன. இத்தனை ஆர்ப்பாட்டமும் இதற்குத்தானா என்று எரிச்சல் வந்தது.

“மாமா, ரெண்டு சரியில்லை. கடையில சாதாரணமா வாங்கிற சின்பண்டெல் இதைவிடத் திறம்.”

“இது எல்லாருக்கும் கிடைக்காது, பிள்ளை.”

“கிடைக்காதது வேறை, நல்லது வேறை.”

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரங்களை மேசையில் வைத்தார். உணவகங்களுக்குக் கொடுக்க அச்சடித்தவை. போத்தல் படத்தின் கீழே தடித்த எழுத்தில், ‘நான் சுவைத்ததில் மிகச் சிறந்த சின்பண்டெல் – யதுர்ஷா’ என்று இருந்தது. அவள் வாய் திறக்கும் முன்பே அவளுடைய வாய்ச்சொல் அச்சேறிவிட்டது. என்ன துணிவு இந்த மனிதருக்கு. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?”

“நீ எங்கடை பிள்ளைதானே. கேக்கவும் வேணுமே?”

“என்ரை சொல்லை நம்பித்தான் ஆக்கள் வாங்கினம், மாமா. இதைக் குடிச்சால் பிறகு ஆர் என்னை நம்புவினம்?” கடைசிப் போத்தலிலிருந்து ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். “இதைக் குடிச்சு முடியுங்கோ. அதுக்குப் பிறகும் திறமெண்டு சொன்னால் என்ரை பேர் அதிலை இருக்கட்டும்.”

குலசேகரத்தார் கிளாஸைத் தொடவில்லை. அவர் மனைவி கனகாம்பிகைதான் கதைத்தார்.

“அவர் வைன் வாயிலையும் வைக்கிறேல்லை, பிள்ளை. விஸ்கி மட்டும்தான். நாலு வருசமா வந்த போத்தலெல்லாம் அப்பிடியே கிடக்கு. இண்டைக்குத்தான் முதல் திறந்தது.”

யதுர்ஷா பேனா கேட்டாள். கனகாம்பிகை எடுத்துக் கொடுத்தார். விருந்துக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தாள் தாளாகத் தன் பெயரை வெட்டிவிட்டு, பக்கத்தில் ‘குலசேகரம்’ என்று எழுதத் தொடங்கினாள்.