வளையம் போட்டாச்சு

இரண்டாவது அடியில் மூத்தவரின் வாயிலிருந்து பல் ஒன்று தெறித்துத் தரையில் ஓடி, பிணம் கிடந்த பெஞ்சின் காலில் முட்டி நின்றது. மூன்றாவது அடிக்குத் தன் மகன் கையை ஓங்கியபோதுதான் அவள் கவனித்தாள். முழங்கை முதலில் பின்னால் போகிறது. தோள் ஒரு கணம் நிற்கிறது. பிறகுதான் கை வருகிறது. அப்படியே அவன் அப்பாவின் ஓங்கல். பெஞ்சில் கிடக்கிற மனுஷன் இனி யாரையும் அடிக்கப்போவதில்லை என்று காலையிலிருந்து அவள் மனசு ஒரு மூலையில் சொல்லிக்கொண்டிருந்தது. கை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

"சொல்லு பெரியப்பா. வளையத்த யாரு கழட்டினது?"

செத்தவருக்கு அண்ணன் அவர். சுவரோடு சாய்ந்து நின்றார். தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

"நான்தான்டா."

"எதுக்கு?"

"சிப்பி வந்து அடைக்குது. வேல சுணங்குது. கழட்டிட்டேன்."

மூன்றாவது அடி காதோடு விழுந்தது. மூத்தவர் சரிந்தார். அதற்குள் துறைமுகத்து ஆட்கள் நாலைந்து பேர் மகனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். அவன் திமிறினதில் ஒருவருக்கு மூக்கு உடைந்தது. பிடித்தவர்கள் அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பொணத்த எடுத்தப்புறம் அடிச்சிக்கக் கூடாதா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி, நாற்காலியை நிமிர்த்தியபடி. "இருந்தவரைக்கும் அந்த ஆளு அடிச்சான். இப்ப இவன் எடுத்துக்கிட்டான். இந்த வீட்டுச் சுவருக்குக் கால் இருந்தா எப்பவோ போலீசுக்கு நடந்திருக்கும்."

"டீ கொதிச்சிருச்சான்னு பாருக்கா," என்றாள் அவள். மூத்தவர் ஏன் பொய் சொல்கிறார் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணனும் தம்பியும் கப்பலின் அடிவயிறு கழுவுகிறவர்கள். பாசியும் சிப்பியும் பிடித்தால் கப்பலின் ஓட்டம் குறைந்துபோகும். அதைச் சுரண்டித் தின்ன ஒரு எந்திரம் வைத்திருந்தார்கள். கட்டில் அகலம் இருக்கும். நாலு சக்கரம், உருளுகிற பிரஷ், வயிற்றில் ஒரு வாய். கப்பலின் இரும்பை அந்த வாயால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் தலைகீழாகவே தானாக ஊர்ந்து போகும். தின்றதைத் தடித்த குழாய் வழியாகப் படகுக்கு ஏற்றிவிடும். தண்ணீரில் இறங்கினால் கரைக்கு வர மனசில்லாமல் கிடப்பதால் அதற்கு எருமை என்று பெயர். எருமை எங்காவது மாட்டிக்கொண்டால் தம்பி மூச்சுக்குழாயோடு கீழே போய்த் தள்ளிவிடுவார். அண்ணன் படகில் உட்கார்ந்து மோட்டாரையும் காற்றையும் பார்த்துக்கொள்வார்.

ஒரு தடவை எருமை தம்பியின் கையுறையை உருவித் தின்றுவிட்டது. அது எப்படியோ மகன் காதுக்குப் போயிற்று. அப்போது அவன் இந்த வீட்டில் இல்லை. பெல்ட்டை எடுத்த அப்பனைத் திருப்பி ஒரு அறை அறைந்துவிட்டு வெளியேறினவன், வெல்டிங் பட்டறையில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். வருஷங்கள் கழித்து ஒருநாள் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு இரும்பு வளையம். குறுக்கே கம்பிகள், அடியில் மூன்று குட்டைக் கால்கள்.

"எருமை வாய்ல இத மாட்டிக்கோங்க. கை உள்ள போகாது."

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டு விடுமா?"

"கப்பல் விட்டாலும் அது விடாது."

"ம்," என்றார் அவர்.

அந்த வீட்டில் அந்த 'ம்' பெரிய விஷயம். மகன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து டீ குடித்தான். அதற்குப் பிறகுதான் அவ்வப்போது வந்துபோகத் தொடங்கினான்.

மகன் அதைக் கொடுத்த மறுநாள் சாயங்காலம் அவர் அந்த வளையத்தைச் சமையலறையில் கொண்டுவந்து போட்டார்.

"பான ஆடுது, பான ஆடுதுன்னு உசிர எடுத்தியே. இந்தா, புரிமணைக்குப் பதிலா வெச்சிக்கோ."

"இது பையன் செஞ்சதுல்ல?"

"ஆமா. நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா இத மாட்டினா எருமைக்குப் பல்லு கட்டின மாதிரி ஆயிரும். நாலு சிப்பி வந்தா அடைச்சிக்கும். நான் முங்கி முங்கி எடுக்கணும். காது போகுது எனக்கு."

"அவனுக்குத் தெரிஞ்சா?"

"அவன் அடுப்படிக்கு வந்து பானையத் தூக்கிப் பாக்கப்போறானா? நீ சொன்னாத்தான் உண்டு. சொல்லிப் பாரு."

சொன்னால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தெரியவேண்டிய நிலையில் அவள் இல்லை. அன்றிலிருந்து சோற்றுப் பானையை அதன்மேல்தான் இறக்கினாள். பானை ஆடவில்லை.

கொல்லைக் குழாயடியில் மூத்தவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். துப்பத் துப்பச் சிவப்பு நிற்கவில்லை. அவள் ஒரு துணியை நனைத்துக் கொடுத்தாள்.

"நேத்து என்ன நடந்துது அத்தான்? எனக்கு உள்ளத சொல்லுங்க."

"அதான் சொன்னேனே."

"நீங்க அவனுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்க."

அவர் துணியை வாயில் அழுத்திவிட்டு எடுத்தார்.

"எருமைய எறக்கறப்ப வாய் அடிப்பக்கம் இருக்கும். மேலேருந்து எனக்குத் தெரியாது. மாட்டறது அவன் வேல. 'வளையம் போட்டாச்சா'ம்பேன். 'போட்டாச்சு'ம்பான். அதக் கேட்டாத்தான் மோட்டார் போடுவேன். ஒருநாள் கேக்காம போட்டதில்ல."

"நேத்து?"

"நேத்தும் கேட்டேன். போட்டாச்சுன்னான். எருமை சுக்கான்கிட்ட போய் மாட்டிக்கிச்சு. இவன் எறங்கினான். கொஞ்ச நேரத்துல குழாய் துடிச்சுது. அப்புறம் துடிக்கல. மோட்டார நிறுத்திட்டு நானும் குதிச்சேன். கை தோள்வரைக்கும் அதோட வாய்க்குள்ள இருந்துச்சும்மா. மூச்சுக்குழாயச் சக்கரம் சுருட்டிருந்துச்சு. காலால ஒதச்சு இழுத்தேன். என் தம்பியத்தான் ஒதச்சேனா, எருமையத்தான் ஒதச்சேனா, தெரியல." துணியைப் பிழிந்தார். "மேல போட்டுட்டு எருமை வாயப் பாத்தேன். வளையம் இல்ல. மாட்டின தடமே இல்ல. துரு அப்படியே இருக்கு. இத்தன நாளும் எங்கிட்ட போட்டாச்சு போட்டாச்சுன்னு..."

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவள் சமையலறைக் கதவைக் காட்டினாள். அடுப்பின் பக்கத்தில் அந்தப் பானை இருந்தது. இன்று அதில் சோறில்லை, வந்தவர்களுக்கு டீ. தையல்காரி குனிந்து மொண்டு மொண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூத்தவர் பானையின் அடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்தார். சிரிப்போடு ரத்தம் தாடையில் வழிந்தது.

"படுபாவி. போட்டாச்சுன்னது பொய்யில்லடி அம்மா. பானைக்குப் போட்டிருக்கான்."

"நான் அவன்கிட்ட சொல்லிடறேன் அத்தான்."

"வாயத் தொறக்காத." அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அப்பனுக்குன்னு அந்தப் பய கையால செஞ்ச ஒரே பொருள் அது. அப்பன் அதத் தூக்கி அடுப்படியில போட்டான்னு தெரிஞ்சா, செத்தவன இன்னொரு தடவ சாகடிச்ச மாதிரி. என்னைய நாலு அடி அடிச்சான்னா ஆறிப்போகும்."

"ஆறாது. அது எந்தக் கைன்னு எனக்குத் தெரியும். கொன்னுடுவான்."

"மோட்டாரப் போட்டது நான்தானே. அதுக்கு விழட்டும்."

வாசல் பக்கம் இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் எழுந்தது. வீடே அதிர்ந்தது.

எருமையைத் துறைமுகத்து ஆட்கள் காலையில் கொண்டுவந்து வாசலில் மல்லாத்திப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மகன் தன் வண்டியிலிருந்து சம்மட்டியை எடுத்துவந்து அதன் வயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தான். சக்கரம் ஒன்று கழன்று தெருவில் உருண்டது. பிரஷ் தண்டு வளைந்தது. பிடித்திருந்தவர்கள் எட்டி நின்றார்கள்; சம்மட்டிக்கு முன்னால் யாருக்கும் உறவு கிடையாது. வாய் நசுங்கி மூடிக்கொண்ட பிறகும் அவன் அடித்தான். அடிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் நிமிர்ந்து வீட்டுக்குள் பார்த்தான்.

"பெரியப்பா."

"வரேன்டா," என்றார் மூத்தவர். கடைக்குக் கூப்பிட்டதுபோலக் கொல்லையிலிருந்து நடந்தார்.

அவள் சமையலறைக்குள் ஓடினாள். தையல்காரியின் கையிலிருந்த கரண்டியைத் தட்டிவிட்டு, பானையைக் காதோடு பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தாள். பானை ஒருபக்கம் சாய்ந்து டீ தரையில் ஓடியது.

"கொதிக்குதுடி, என் காலு," என்று தையல்காரி துள்ளினாள்.

வளையம் சுட்டது. அதோடுதான் கூடத்துக்கு வந்தாள். மூத்தவர் பெஞ்சின் பக்கத்தில் நின்றிருந்தார். மகன் சம்மட்டியைத் தோளுக்கு ஏற்றியிருந்தான்.

"அவர விடு."

"நீ உள்ள போம்மா."

அவள் வளையத்தை அவன் காலடியில் போட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது. கஞ்சி வழிந்து காய்ந்த பழுப்பு அதன் கம்பிகளில் படிந்திருந்தது. அதற்கு அடியிலும் ஒட்டுப் போட்ட இடங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவனுக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"சோத்துப் பானைக்கு அடியில."

"நான்தான் குடுத்தேன்டா," என்றார் மூத்தவர். "எருமைக்கு ஒத்துக்கல, வீட்லயாவது..."

"இல்ல," என்றாள் அவள். "உங்கப்பா கொண்டுவந்து போட்டாரு. நீ குடுத்த மறுநாளே. அது எருமை வாய்க்குப் போகவே இல்ல. போட்டாச்சு போட்டாச்சுன்னு இவர்கிட்டப் பொய் சொல்லியிருக்காரு. நேத்தும் அதான் சொன்னாரு. இவரு நம்பி மோட்டாரப் போட்டாரு."

"உன்னைய யாரும்மா கேட்டா," என்றார் மூத்தவர்.

மகன் அவளைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும். தெனமும் அதுலதான் பானைய எறக்கினேன்."

அவன் முழங்கை பின்னால் போயிற்று. தோள் நின்றது. அவள் நகரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எப்படி நிற்பது என்று அவள் உடம்புக்குத் தெரியும். ஆனால் அவன் திரும்பியது பெஞ்சின் பக்கம். சம்மட்டி அப்பாவின் முகத்துக்கு மேலே எழுந்தது. கழுத்துவரை போர்த்தியிருந்த துணி விலகி, தோள்வரை கறுத்துப்போன வலது கை வெளியே தெரிந்தது.

மூத்தவர் தம்பியின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். பெஞ்சு கிரீச்சிட்டது.

"அவன அடிக்காதடா. அவனுக்கு வலிக்காது. என்னைய அடி."

சம்மட்டி இறங்கியது. தரையில் கிடந்த வளையத்தின்மேல் இறங்கியது. தரை ஓடு பிளந்தது. மறுபடி அடித்தான். மறுபடி. ஒட்டை உடைக்கத்தான் அடிக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கால் ஒன்று வளைந்தது. கம்பி ஒன்று நெளிந்தது. ஒட்டு விடவில்லை. அவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அடி ஒவ்வொன்றாகத் தளர்ந்து, கடைசியில் சம்மட்டியின் தலை தரையில் சாய்ந்து நின்றது.

பிணம் எடுக்க வந்த வண்டிக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எடுத்துரலாமா? வண்டி தெருவ அடைச்சிக்கிட்டு நிக்குது."

மூத்தவர் தம்பிமேலிருந்து மெல்ல எழுந்தார். அவர் வாயிலிருந்த ரத்தம் தம்பியின் போர்வையில் ஒட்டியிருந்தது. அதை உள்ளங்கையால் துடைக்கப் பார்த்தார். இன்னும் பரவிற்று. விட்டுவிட்டு, வெளியே கிடந்த கறுத்த கையை எடுத்து உள்ளே வைத்துத் துணியைச் சரிசெய்தார்.

"தலப்பக்கம் யாரு?" என்றார் வண்டிக்காரர்.

எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். அவன் குனிந்து வளையத்தை எடுத்தான். கட்டைவிரலால் ஒட்டை ஒருமுறை தடவினான். வளையம் ஒரு கையிலும் சம்மட்டி இன்னொரு கையிலுமாகச் சமையலறைக்குள் போனான். தையல்காரி அவசரமாக வெளியே வந்தாள்.

"அடுப்பையும் ஒடைக்கப்போறான் போல," என்றாள் மெல்ல.

உள்ளே சம்மட்டிச் சத்தம் கேட்டது. கூடத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு சத்தம் வந்தது, முதலாவதைவிடச் சின்னதாக. பிறகு தட்டுகிற மாதிரி ஒன்று.

அவள் மட்டும் போய்க் கதவோரம் நின்றாள். சிந்திய டீயின் நடுவே அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வளையத்தின் கால் நிமிர்ந்திருந்தது. பானையைத் தூக்கி அதன்மேல் வைத்தான். விளிம்பில் ஒரு விரலை வைத்து இந்தப் பக்கம் அழுத்தினான். அந்தப் பக்கம் அழுத்தினான். எழுந்தான்.

"பெரியப்பாவக் கால்பக்கம் பிடிக்கச் சொல்லு," என்றான். "அவரால இப்ப பளு தூக்க முடியாது. கனம் தலப்பக்கம்தான்."