ஐம்பத்தாறு கட்டம்

மேற்கத்திய இசைக்குழுவில் டிம்பனி வாசிப்பவளுக்கு வேலையில் முக்கால்வாசி சும்மா நிற்பதுதான். செம்பு அண்டா மாதிரி நான்கு முரசுகளுக்கு நடுவே நின்று, மற்ற அறுபது பேர் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். சம்பளமே அதற்குத்தான். அந்த எண்ணிக்கைதான் இரண்டு வருடமாக என் தலையில் தங்குவதில்லை.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. முதலில் வீட்டுச் சாவியை மறந்தாள். ஏழு வருடத்தில் அக்கா, நான் இருவரில் யார் மூத்தவள் என்பதே அவளுக்குத் தெரியாமல் போனது. எனக்கு இப்போது ஐம்பத்தொன்று. யாரிடமும் மூச்சு விடவில்லை, இதே குழுவில் முதல் செல்லோ வாசிக்கும் அக்காவிடம்கூட.

அன்று காலை ஓர் ஆல்பத்துக்காகப் ஓவர்ச்சர் எனப்படும் பழைய முன்னிசைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். வழக்கம்போல நாடகத்துக்கு முன்னால் வாசிப்பதற்காக இல்லாமல், கடலையும் புயலையும் மனதில் வைத்துத் தனியாகவே எழுதிய இசை. ஒன்றில் கிளாரினெட் நீளமாகப் பாடும். நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு கட்டம்; அப்படி ஐம்பத்தாறு கட்டம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஐம்பத்தேழில் அக்காவின் செல்லோவோடு சேர்ந்து குச்சிகளால் முரசில் மெல்ல உருட்ட வேண்டும். குழுவை நடத்தும் கண்டக்டர் அங்கே கிளாரினெட்காரரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். எனக்குத் துணை அக்காவின் செல்லோ வில்தான். அது எழுந்தால் நான் இறங்கிவிடுவேன். அவள் கணக்கில் புலி. சின்ன வயதிலிருந்தே தப்பு செய்ததில்லை, செய்தாலும் அடி எனக்குத்தான் விழும்.

மூன்றாவது முறை பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டியிருந்தேன் என்று நினைக்கிறேன். வியர்வையில் மூக்குக் கண்ணாடி நழுவியது. குச்சியோடு கையைத் தூக்கி அதை மேலே தள்ளினேன். உடனே அக்காவின் வில் எழுந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு சந்தேகம். இருந்தாலும் அவளை நம்பி உருட்டினேன்.

எல்லோரும் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் பதிவுக்காரர் பேசினார். தப்பு யாருடையது என்று பெயர் சொல்வது அவர் வழக்கமில்லை.

"ஒன்பது கட்டம் முன்னாடி வந்துடுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி எடுக்கலாம்."

குச்சிகளை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். வராந்தாவில், தண்ணீர் மெஷின் பக்கத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"ஏன்க்கா அவ்வளவு சீக்கிரம் வில்லத் தூக்கினே?"

"நீ குச்சியத் தூக்கினியேடி."

"நான் கண்ணாடியச் சரி பண்ணினேன்."

அக்கா கையிலிருந்த பேப்பர் கப்பைக் கசக்கினாள். அதில் இன்னும் தண்ணீர் இருந்தது. புடவையெல்லாம் நனைந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"எனக்கு எண்ண வரலடி. ரெண்டு வருஷமாச்சு. நீ குச்சியத் தூக்கறதப் பாத்துத்தான் ஆரம்பிக்கறேன். நீயாவது ஒழுங்கா எண்ணறேன்னு தைரியமா இருந்தேன்."

"நானும் உன்னப் பாத்துத்தான்க்கா."

இடம் நெருங்குவதாகத் தோன்றியதுமே பதற்றத்தில் குச்சியைத் தூக்கித் தயாராகிவிடுவது என் பழக்கம். இத்தனை நாள் என் குத்துமதிப்பில்தான் இருவருடைய பிழைப்பும் ஓடியிருக்கிறது. வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"இப்ப என்னக்கா பண்றது?"

"எண்ணுவோம். நீ என்னப் பாக்காத, நானும் உன்னப் பாக்கல."

உள்ளே போனோம். கிளாரினெட் தொடங்கியது. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பதினெட்டில் அவை நின்றன. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் எண்ணுவதை விடவில்லை. பத்தொன்பது. இருபது. இருபதா?