முழங்காலிட்டுக் கேட்ட பாட்டு

பினாங்கில் பிரெஞ்சு மொழி மாதா கோயில் சுவாமியார்களின் வாயிலிருந்துதான் வரும். ஆகவே அதில் பாவமான சொல் ஒன்றுகூட இருக்க முடியாது என்பது ஆபீசில் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வேதநாயகத்தின் தீர்மானம். மகள் தெரேசாவைப் பெண் பார்க்க வந்த காரைக்கால் பீட்டர், "ஒரு பிரெஞ்சுப் பாட்டு பாடட்டுங்களா?" என்று கேட்டதுதான் தாமதம், கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு மனிதர் தரையில் முழங்காலிட்டுவிட்டார்.

"மாதா கீர்த்தனை! எல்லாரும் முழங்கால் போடுங்க லா!"

பீட்டர் வாயைத் திறந்தான், மூடினான், பிறகு வேறு வழியின்றிப் பாடினான்.

வேதநாயகத்தின் மனைவி அன்னமேரியும் முழங்காலிட்டாள். ஆனால் ஒரு கண்ணை மூடவில்லை. கப்பல் கம்பெனி வேலையில் சைகோன் வரை போய்வந்த பையன். அங்கே எவளுக்குப் பாடிய பாட்டோ? பெண்ணைக் கொடுத்தபின் தெரிந்து என்ன பயன்?

நம் பாட்டில் பல்லவி முன்னால் வந்து நிற்கும். இதிலோ சரணம் கதைபோல் மெல்ல நடந்தது. பல்லவி அதன் பின்னால் காத்திருந்து எழுந்தது. முதல் முறை கெஞ்சியது. அடுத்த சரணம் முடிந்ததும் அதே சொற்கள் கோபித்துக்கொண்டன. மூன்றாம் முறை, அதே சொற்கள்தான், தனியாக நின்று அழுதன. சொல்லை மாற்றாமல் நெஞ்சை மாற்றுகிறானே! அன்னமேரி தன்னை மறந்து ரசித்தாள். உடனே சுதாரித்துக்கொண்டாள். மாதாவிடம் எவன் ஊடல் கொள்வான்?

இன்னொன்றும் உறுத்தியது. திரைக்குப் பின்னாலிருந்து தெரேசாவின் குரல் பல்லவியில் சேர்ந்திருந்தது. மூன்றாம் முறை என்றால் கேட்டுப் பிடித்தாள் எனலாம். இவள் முதல் முறையே சேர்ந்துவிட்டாள்.

வேதநாயகம் கண்ணைத் துடைத்தார். "இஸ்பிரீத்து சாந்து, பரிசுத்த ஆவியே, எம் மக நாக்குல எறங்கிட்டாரு!"

"இங்கிலீஷ் பரீட்சை அன்னிக்கு அவரு எங்க போயிருந்தாரு, அண்ணே?" என்றாள் அவருடைய தங்கை சவுந்தரம்.

அன்னமேரி திரைக்குப் பின்னால் போனாள். "எங்கடி கத்துக்கிட்ட?"

"கன்னிமடத்துத் தையல் வகுப்புக்குப் பக்கத்து வீட்லதாம்மா அவங்க இருக்காங்க. சன்னல் தொறந்திருக்கும்."

"சன்னல் பாடுச்சா?"

தெரேசா திரைச்சீலையின் மடிப்பை நீவினாள்.

"எவளுக்காகப் பாடுறான்? சைகோன்காரிக்கா?"

"இல்லம்மா, அவங்களே கட்டினது. பழைய பிரெஞ்சுப் பாட்டு மாதிரி மூணு சரணம், ஒவ்வொண்ணுக்கும் பின்னால பல்லவி. கடைசிச் சரணத்துல எங்க தையல் மிஷின் வருது."

சைகோனில் தையல் மிஷினும் கன்னிமடமும் இல்லையா என்று அன்னமேரி ஒரு கணம் யோசித்தாள். பிறகு மகளின் காது சிவந்திருந்ததைப் பார்த்தாள். பாட்டு இவளுக்குத்தான். சந்தேகம் ஒன்று தீர்ந்தது, பெரியதொன்று உறுதியாயிற்று.

வெளியே வந்தாள். "எனக்குச் சம்மதம். வர்ற ஞாயிறே கோயில்ல எல்லாருக்கும் தெரியக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க."

"என்ன அவசரம்?" என்றார் வேதநாயகம். "மொதல்ல சுவாமியார் முன்னாடி இந்தக் கீர்த்தனையப் பாட வைப்போம். அசந்துருவாரு!"

"அசருவாரு. அதனாலதான் சொல்றேன். ஓலை வாசிச்சு, தாலியும் ஏறட்டும். அப்புறம் யாரு முன்னாடி வேணும்னாலும் பாடட்டும்."

வேதநாயகம் மருமகன் பக்கம் திரும்பினார். "சரி தம்பி, நமக்காக இன்னொரு தரம்!"

பீட்டர் அன்னமேரியின் முகத்தைப் பார்த்தான்.

"தொண்டை கட்டிக்கிச்சுங்க மாமா," என்றான்.