மாசியில் கட்டிய காப்பு

பூ வைக்கத் தலையில் முடி இல்லை. பக்கத்து வீட்டு ஜெயந்தினி மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கன்னிப் பெண்ணைப் பூ இல்லாமல் அனுப்பக் கூடாது என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். நாகலெட்சுமி, கிடத்தியிருந்த மகள் பிரேமினியின் நீலக் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, சரத்தை வாங்கித் தொப்பியைச் சுற்றியே கட்டினாள்.

"இதக் கழட்ட வேணாம். அவளுக்குக் குளிரும்" என்றாள்.

ஜெயந்தினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சாவு விழுந்ததால் தேயிலைத் தோட்டத்தில் அன்று யாரும் கொழுந்து எடுக்கப் போகவில்லை. வரிசை வீடுகளான லயத்தின் முற்றத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் சோலைமலை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். தப்புச் சத்தம் ஒருமுறை நின்றபோது நாகலெட்சுமி தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலில் மகன் சுமன் நின்றிருந்தான். மாசி மாதத்திலிருந்து அவள் காணாத முகம். அவள் திரும்பிக்கொண்டாள்.

போன வருடம் பிரேமினி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். கொழும்பு ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்தில் நோய் அடங்கியிருக்கும் நேரத்திலேயே ஸ்டெம் செல் மாற்றினால் பிள்ளை பிழைக்க வழியுண்டு என்றார் டாக்டர். அவர் சிங்களத்தில் சொன்னதை மஸ்கெலியாக்கார நர்ஸ் நஸ்லியாதான் அவளுக்கு விளக்கினாள்.

"நீங்க கவ்வாத்து வெட்டுறதானே? அடி வரைக்கும் வெட்டினாலும் மரம் தளிர்க்கும். அது மாதிரித்தான். புள்ளட பழைய ரத்தத்த மருந்தால அழிச்சிட்டு, வீட்டுல யாருக்குப் பொருந்துதோ அவங்கட செல்ல ஏத்துவாங்க. அது உள்ளுக்க போய்ப் புதுசாத் தளிர்க்கும்."

அந்த நிமிடமே நாகலெட்சுமி சரி என்றுவிட்டாள். தாய்க்கும் தகப்பனுக்கும் பாதிதான் பொருந்தியது; அண்ணன்காரனுக்கு முழுசாகப் பொருந்தியது. அன்றைக்கு லயம் முழுக்கப் பாயாசம் காய்ச்சிக் கொடுத்தாள். முதுகெலும்பில் ஊசி குத்தினால் பொடியன் ஒன்றுக்கும் ஆகமாட்டான் என்று பேசியவர்களிடம் வலியப் போய், கையில் இரத்தம் எடுப்பது போலத்தான் எடுப்பார்கள் என்று சண்டை போட்டாள். சோலைமலையும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரத்தில் சுமன் கொழும்பில் வேலை செய்த கடையிலிருந்து காணாமல் போனான். போன் வேலை செய்யவில்லை. தேடிப் போன சோலைமலை பல நாள் கழித்துத் திரும்பி வந்து, படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "பயந்து ஓடிட்டான் லெச்சுமி. எங்க தேடியும் ஆப்புடல" என்றார். டாக்டர்கள் சில வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். அதற்குள் நோய் திரும்பி வந்துவிட்டது.

"அண்ணே வந்துருச்சாம்மா?" என்று பிரேமினி ஒவ்வொரு நாளும் கேட்டாள். நாகலெட்சுமி பெற்ற மகனை வாய்க்கு வந்தபடியெல்லாம் சபித்தாள். விளங்காமல் போவான் என்றாள். சோலைமலை தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது அவள் கல்யாணமான நாளிலிருந்து நம்பி வந்த ஒன்று. கடதாசி ஆடும்போதுகூட நல்ல சீட்டு விழுந்தால் சிரித்துவிடுகிற மனிதர்.

வலப்பனைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சோலைமலையின் சித்தப்பா மகன் இராமையா நேரே உள்ளே வந்து, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவர்கள் தோட்டத்தில் மாசிக்கு மாசி, மன்மதனை எரித்த கதையைக் காமன் கூத்தாக நடத்துகிற வாத்தியார் அவர்தான். பாடிப் பாடிக் கட்டிப்போன குரல்.

"நம்ம வேண்டுதலு பலிக்கலையே மதினி. தங்கச்சி நல்லாவணும்னு சுமன் மன்மதன் வேஷம் கட்டி அப்புடி ஆடுனானே."

"எப்பங்க?"

"இந்த மாசியிலதான். மூணாம் பிறையில கம்பம் ஊன்றுனோமே, அப்பத்தான். சோலமல அண்ணேதான் கூட்டியாந்து, கூடவே நின்னு காப்பும் கட்டி உட்டாரு." இராமையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நடுவுல ஒரு நாளு போனத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தான். அவசரமா கொழும்புக்குப் போவணும் சித்தப்பான்னான். காப்பு கட்டுனவன் எல்லை தாண்டுனா தெய்வக் குத்தம்டான்னு நாந்தான் வஞ்சேன். அண்ணேயும் அதத்தான் சொன்னாரு. பய அதுக்கப்புறம் காமன எரிக்கிற வரைக்கும் அசையல மதினி. அப்புடியிருந்தும் சாமி கண்ணு தொறக்கலையே."

அந்த நல்ல மனிதருக்கு ஒன்றும் தெரியாது. நாகலெட்சுமி மகளின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், அங்கிருந்து புருஷனைக் கூப்பிட்டாள். சுமனும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான்.

"வலப்பனைக்கா தேடிப் போனீங்க?"

சோலைமலை வெளியே எட்டிப் பார்த்தார். "இராமையா சொன்னானா?"

"நா கேட்டதுக்குச் சொல்லுங்க."

"ஒத்த ஆம்பளப் புள்ள லெச்சுமி. அந்த ஊசியால இவனுக்கும் ஒண்ணு ஆயிட்டா, நாளைக்கு நமக்குக் கொள்ளி வைக்க யாரு இருக்கா? அவளுக்குத்தான் மருந்து ஏத்திக்கிட்டு இருந்தாங்களே. அதுலயே சொகமாயிரும்னு நெனச்சேன். வேஷங் கட்டுனா சாமியும் பாத்துக்கிரும்னு..."

"அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அண்ணே வரமாட்டான்னு ஒரு வார்த்த. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாளே!"

சுமன்தான் பேசினான்.

"ஆஸ்பத்திரியில தேதிய தள்ளிப் போட்டுட்டாங்கன்னு அப்பா சொன்னாங்கம்மா. அப்புறம் அப்பா வாங்கி மூடி வச்சிருந்த போன ஒரு நாளு தொறந்து, அந்த நர்சு அனுப்பியிருந்த மெசேஜப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சப்புறம்?"

"காப்பு கட்டியிருந்துச்சு." அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "எனக்கும் பயமா இருந்துச்சும்மா. கூத்து முடிஞ்சப்புறம் ஒன் மூஞ்சியில முழிக்க முடியல."

மகனை நாகலெட்சுமி சபித்த சாபமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இந்த மனிதர் சோறு தின்றிருக்கிறார். அவள் அழுதால் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறார். மகள் போனதைவிட இதுதான் அந்த நேரத்தில் அவளுக்கு அதிகமாக வலித்தது. அப்படி வலித்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"நேரமாச்சு, தூக்கணும்" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது.

அவள் அவர்களைத் தாண்டிக்கொண்டு போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தூக்கும்போது சுமன் முன்பக்கம் தோள் கொடுத்தான். தேயிலைக்கு நடுவே போகிற ரோட்டில் பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைதான் போவது வழக்கம். அங்கே நின்றுகொண்டார்கள். நாகலெட்சுமியும் நின்றாள். பூச் சுற்றிய நீலத் தொப்பி வளைவு வரைக்கும் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. தப்புச் சத்தம் மட்டும் மலையில் இறங்கிக்கொண்டே போனது.

வீட்டைக் கழுவி விட்டார்கள். ஜெயந்தினி ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வாசல் படியில் வைத்தாள். மயானத்துக்குப் போனவர்களுக்குக் காலில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட வேண்டும்.

"நீங்க உக்காருங்கக்கா. நா ஊத்துறேன்."

"இல்ல. நா ஊத்துறேன்."

ஆண்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் குனிந்து, குவளையால் மொண்டு இரண்டு காலிலும் ஊற்றினாள். இராமையாவுக்கும் ஊற்றினாள். அவர் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். சுமன் அவள் முன்னால் வரவில்லை. லயத்துக் கோடியில் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு, அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

கடைசியாகச் சோலைமலை வந்தார். சாரத்தை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை முன்னால் வைத்தார்.

வாளியில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. நாகலெட்சுமி அதைத் தூக்கிச் சாக்கடைக் கானில் ஊற்றினாள். காலி வாளியைப் படிக்கு நடுவே கவிழ்த்து, அதன் மேல் குவளையையும் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சோலைமலை வைத்த காலை எடுக்கவில்லை. குழி மேட்டுச் சிவப்பு மண் அவர் விரலிடுக்கில் காயத் தொடங்கியிருந்தது. லயத்துக் கோடியில் பீலித் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடியே படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.