கதவு எண் எழுதிய அட்டை

20 பிப்ரவரி 2025, வியாழன்.
அண்ணன் அனுப்பிய படத்தைத் திருத்திய பிறகு அவனிடம் ஒருமுறை காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் போராட்டக் குழுவில் போட்டுவிட்டேன். சின்னப் பிழைதான். இனி கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

இப்படி எழுதிவைத்த பிறகுதான் அன்புச்செல்விக்கு அன்று தூக்கம் வந்தது.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி அவர்கள் வீடு. கரையோரத்து வீடுகளை இடித்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பப்போவதாகச் சொல்லி, கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் சிவப்புச் சாயத்தால் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். மறுவாரமே சனம் சாலையோரம் உட்கார்ந்துவிட்டது. அவரவர் கதவு எண்ணை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. அம்மா முத்தம்மாவும் வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு வந்து, அட்டையோடு உட்கார்ந்தாள்.

எல்லையில் பட்டாளத்தில் இருந்த அண்ணன் நெடுஞ்செழியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சீருடை போட்டவன் போராட்டத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு நாள் படம் வந்தது. சீருடையில் இரண்டு சிப்பாய்கள், அட்டைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு. அண்ணனின் அட்டையில் ‘எங்கள் வீட்டை இடிக்காதே’, அதன் கீழே கதவு எண். பக்கத்தில் நின்றவன் மீர்சாகிப்பேட்டை நதீம். ஆற்றங்கரையில் அவனுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. கூட்டாளி தனியாக நிற்கவேண்டாம் என்று நின்றவன்.

அன்புச்செல்வி அடையாறில் மாலை வகுப்பில் படம் திருத்தக் கற்றுக்கொண்டிருந்தாள். மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். மார்பிலிருந்த பெயர்ப்பட்டையை அழித்தாள். தோளிலிருந்த சின்னத்தை அழித்தாள். பின்னால் தெரிந்த மலையையும் விட்டுவைக்கவில்லை. செய்தது சரிதானா என்று சந்தேகம் வந்து, திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். எண் மட்டும் மங்கலாக இருந்தது. இங்கே எல்லோர் கழுத்திலும் எண் தெரிகிறது, அண்ணனுடையது மட்டும் தெரியாமல் போவதா என்று அதைப் பளிச்சென்று ஆக்கினாள்.

படம் தொலைக்காட்சிவரை போயிற்று. கரையில் பட்டாசு வெடித்தார்கள். அட்டைக்குப் பின்னால் இருப்பது யார் என்று கேட்டவர்களுக்கு முத்தம்மா பதில் சொல்லவில்லை. சிரிப்பை மட்டும் அவளால் அடக்க முடியவில்லை.

அடுத்த வாரம், யாருடைய போனிலிருந்தோ அண்ணன் கூப்பிட்டான். அந்த எண் எந்தக் குடும்பத்துடையது என்று மேலதிகாரிகள் விசாரித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போனவன் ஒருவன்தான். வேலை போய்விடும், உள்ளே போட்டாலும் போடுவார்கள் என்றான்.

“நம்பர எழுதுனது நான்தானே. அதுக்கு நீ இன்னா பண்ணுவ” என்றான்.

அவளால் பொறுக்க முடியவில்லை. மங்கலாக இருந்ததைத் தெளிவாக்கியது தான்தான் என்று சொல்லிவிட்டாள்.



“எங்கிட்ட ஒரு வாட்டி காட்டியிருந்தா வேணான்னு சொல்லியிருப்பேனே அன்பு.”

அவள் அழுதாள். அவன் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

“என்னிய உடு. நதீமையும் இட்டுக்கினு பூட்டாங்க. பக்கத்துல நின்னது யாருன்னு கேட்டாங்க, நான் வாயே தொறக்கல. அவனா வந்து நான்தான்னு நின்னுட்டான். அவனுக்கு இன்னா, வூடா கீது நம்ம கரைல? அவங்கம்மாக்கு இன்னும் தெரியாது. வேற யாராவது சொல்றதுக்குள்ள நீ போய்ச் சொல்லிடு.”

போனை வைத்துவிட்டான். வாசலிலிருந்து முத்தம்மா, “யாரு, உங்கண்ணனா? சாப்ட்டானாமா?” என்றாள்.

சாப்பிட்டானாம் என்றாள் அன்புச்செல்வி. பிறகு உட்கார்ந்து எழுதினாள்.

நாளை காலை மீர்சாகிப்பேட்டைக்குப் போய் நதீமின் அம்மாவைப் பார்க்க வேண்டும். எங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அண்ணனின் நிலையை அம்மாவிடம் வழியிலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணைத் தெளிவாக்கியது நான் என்பதை இருவரிடமும் சொல்ல வேண்டும்.