கெல்வின் போட்ட ஓட்டு

லொரெய்ன் ஹாக்வுட் முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாடு தலைகீழாகிப் போனது.

ஆல்ட்விக் நகரத்து விளையாட்டரங்கில், இறகுப்பந்து ஆடும் கூடத்தில், நீள நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். வாக்குப்பெட்டிகள் இன்னும் வந்து சேரவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் இரவு பத்து மணிக்கு, ஓட்டுப்பதிவு முடிந்த கையோடு, எந்தக் கட்சிக்கு எத்தனை தொகுதி என்ற கணிப்பு வந்தது. பிறகு கூடத்தின் ஒரு பாதி "ஹோ"வென்று கத்தியது. மறுபாதி, நீல ரிப்பன் குத்தியிருந்த பாதி, யாரோ விளக்கை அணைத்ததுபோல் நின்றது.

"ஏய், அந்த எண்ணைப் பாருடி!" ஷோனா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஷோனா அவளுடைய தேர்தல் ஏஜென்ட். ஊரில் மீன் வறுவல் கடை வைத்திருப்பவள். "நாடு முழுக்க நம்ம ஆளுங்கதான்! நீலம் துடைச்சுப் போட்ட மாதிரி போயிடுச்சு!"

"நாடு முழுக்கதானே. இங்க இல்லியே" என்றாள் லொரெய்ன், வாய் நிறைய முட்டையோடு.

அவள் வெறும் பெயருக்கு வேட்பாளராக நின்றவள். ஆல்ட்விக்கில் யாருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து நீலக் கட்சிதான். ஆனாலும் எந்தத் தொகுதியையும் காலியாக விடக்கூடாது என்பது சிவப்புக் கட்சியின் பிடிவாதம். யாராவது ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். நோட்டீஸ் கிடையாது, கூட்டம் கிடையாது. பள்ளிக்கூட சமையற்காரி லொரெய்ன் சரி என்றாள். நாளை வெள்ளிக்கிழமை, பள்ளியில் மீன் போடும் நாள். விடிந்ததும் அடுப்படியில் நிற்க வேண்டும். அவளுடைய சிவப்பு ரிப்பன்கூட போன தேர்தலில் நின்றவரிடமிருந்து வாங்கியது, ஊசி துருப்பிடித்திருந்தது.

ஜெயிப்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும்: கெல்வின் தனக்கு ஓட்டுப் போட்டானா?

அவள் கணவன் டிராக்டர் மெக்கானிக். அப்பன், தாத்தன் காலத்திலிருந்து நீலம். "உன் சமையலுக்கு ரெண்டு கையையும் தூக்குவேன். உன் கட்சிக்கு ஒரு விரலக்கூட தூக்க மாட்டேன்" என்று கல்யாண விருந்திலேயே சொன்னவன். இன்று காலை இருவரும் நாயைக் கூட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனார்கள். அவள் முதலில் போட்டுவிட்டு வெளியே நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனவன் வெளியே வர ஏகப்பட்ட நேரம் ஆனது. தாளில் ஒரு பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட இவ்வளவு நேரமா?

"யாருக்குப் போட்ட?"

"ரகசிய ஓட்டுன்னா ரகசியம்தான்."

"பொண்டாட்டிகிட்டயுமா?"

"வேட்பாளர்கிட்ட சொல்லவே கூடாது" என்று நாயின் கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டான். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. இப்போது வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான்.

பெட்டிகள் வந்தன. மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டினார்கள். காகிதங்கள் பனிபோல் குவிந்தன. விரல்கள் பறந்தன, கட்டுகள் உயர்ந்தன. லொரெய்னின் கட்டுகள் முதலில் ஒரு மூலையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தன. பிறகு வளர்ந்தன. வளர்ந்துகொண்டே இருந்தன. இத்தனை வருடமும் ஆல்ட்விக்கின் எம்.பி.யாக இருந்த சர் ரூபர்ட் ஆஷ்லின் வழக்கம்போல் கடைசியில் வந்து கைகுலுக்கிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தவர், மேல்கோட்டைக் கழற்றாமலே மேஜை மேஜையாக நடக்க ஆரம்பித்தார்.

"ஷோனா, நம்ம கட்டு இன்னும் வளருதுடி."

"வளரட்டும்டி! தோத்த பேச்சு மட்டும்தானே எழுதி வச்சிருக்க? அதக் கிழிச்சுப் போடு!"

"கிழிச்சா, ஜெயிச்ச பேச்சுக்கு நான் எங்க போவேன்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: தனக்கு ஆசை வந்துவிட்டது. கொதிக்கும் எண்ணெய்ப் பாத்திரத்தின் முன்னால் நிற்கிற சூடு காதுவரை ஏறியது. சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டுகிற அத்தனை பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் அந்தக் கட்டுகளுக்குள் இருக்கிறார்களோ?

கடைசிக் கட்டுகளும் வந்துவிட்டன. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். இனி சந்தேக ஓட்டுகள்தான். சரியாகக் குறி போடாதவற்றை வேட்பாளர்களையும் ஏஜென்டுகளையும் சுற்றி நிற்கவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டித் தீர்ப்புச் சொல்வார் தேர்தல் அதிகாரி. ஒல்லியான பெண்மணி, சிரிக்கவே மாட்டேன் என்று சபதம் எடுத்தவர் போலிருந்தார்.

ஒருவர் எல்லோர் பெயர்மீதும் 'திருடன்' என்று எழுதியிருந்தார். "செல்லாது." ஒருவர் மூன்று பேருக்குக் குறி போட்டிருந்தார். "செல்லாது." அடுத்த தாளில் குறியே இல்லை, லொரெய்னின் பெயருக்கு எதிரே, கட்டத்துக்குள் கச்சிதமாக, ஒரு படம்.

"படம் போட்டா தப்பில்ல. மத்த கட்டமெல்லாம் காலி, யாருக்குன்னு தெளிவா இருக்கு. திருமதி ஹாக்வுட்டுக்குச் சேரும்" என்றார் அதிகாரி. நீலக் கட்சி ஏஜென்டும் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

லொரெய்ன் எட்டிப் பார்த்தாள். ஒரு வாணலி. மேலே மூன்று கோடு ஆவி. வாணலிக்கு இரண்டு கண், கோணல் சிரிப்பு. அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின்மேல் 'பால் தீர்ந்துபோச்சு', 'வர லேட்டாகும்' என்று ஒட்டுகிற ஒவ்வொரு துண்டுச் சீட்டின் அடியிலும், கல்யாணமான வாரத்திலிருந்து, இதே வாணலி இதே கோணலாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

"ஐயோ, இது எங்க கெல்வின்!" என்று கத்திவிட்டாள். "எனக்குப் போட்டிருக்கான்! ஷோனா, எனக்குத்தான் போட்டிருக்கான்!"

ஷோனா அவள் காலை மிதித்தாள். காலம் கடந்துவிட்டது. அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"ஓட்டுப் போட்டவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுதா, திருமதி ஹாக்வுட்?"

லொரெய்ன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கண்ணில் நீர் வடிய அவள் சிரித்துக்கொண்டிருந்ததே பதிலாகிவிட்டது.

"போட்டவர் யாருன்னு அடையாளம் தெரிஞ்சா அது ரகசிய ஓட்டே இல்ல..." நீலக் கட்சி ஏஜென்ட் ஆரம்பித்தார்.

"எனக்குச் சட்டம் தெரியும்" என்றார் அதிகாரி. அவர் உதட்டோரம் ஒரே ஒரு முறை துடித்தது. "செல்லாது."

"அடிப்பாவி" என்று ஷோனா பல்லைக் கடித்தாள். "ஒரு ஓட்டுல தோத்தேன்னு வையி, உன்னையும் உன் வாணலியையும் என் எண்ணெயிலயே பொரிச்சிடுவேன்!"

மறுபடி எண்ணினார்கள். லொரெய்ன் ஷோனாவின் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்தது. வேட்பாளர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி எண்களை வாசித்தார். முதலில் சர் ரூபர்ட்டின் எண். பிறகு அவளுடையது. ஏழு ஓட்டு கூடுதல். கூடத்தின் கூரை எழும்பிப் போய்விடும் போலிருந்தது. யாரோ அவளை ஒலிபெருக்கி முன்னால் தள்ளினார்கள். தோற்றால் பேச எழுதிய பேச்சின் முதல் வரி மட்டும்தான் அவளுக்கு மனப்பாடம். "வெற்றி பெற்றவருக்கு என் வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டாள். சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

கீழே இறங்கியதும் வீட்டுக்கு போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"பார்த்தேன், பார்த்தேன்! ஏழு ஓட்டாமே!" கெல்வின் கத்தினான். பின்னால் நாயும் சேர்ந்து குரைத்தது. "அந்த ஏழுல ஒண்ணு யாருதுன்னு உனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

"தெரியும்டா. வாணலி."

மறுமுனையில் டிவியை அணைப்பது கேட்டது.

"பார்த்ததும் உன் பேரச் சொல்லிக் கத்திட்டேன். அதனால அது செல்லாத ஓட்டா போயிடுச்சு, கெல்வின்."

அவன் நாயை அதட்டினான். பிறகு அவன் மெல்ல மூச்சை விடுவது கேட்டது.

"அப்படின்னா" என்றான், குரலில் அளவில்லாத நிம்மதியோடு, "நான் இன்னிக்கு வரைக்கும் உங்க கட்சிக்கு ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்ல. நாளைக்கு ஒர்க்‌ஷாப்புல தலை நிமிர்ந்து சொல்லலாம். சரி, எம்.பி. அம்மா, சீக்கிரம் வீட்டுக்கு வா. டீ போட்டு வைக்கிறேன்."