பெயிண்ட் வாளி அரிசி

“ஏலே விஜயா, அரிசி எங்கனடா இருக்கு?”

அக்கா முனீஸ்வரி அடுப்படியிலிருந்து கேட்டபோது விஜயகுமார் கூடத்தில் குனிந்து ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மனைவி தேவயானியைக் குளிப்பாட்ட வெளியே எடுத்துப் போய்விட்டார்கள். பெட்டி மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத இடத்தில் எது ஓடினாலும் அவளுக்குப் பிடிக்காது.

“ஒன்னத்தாண்டா. வாய்க்கரிசிக்கு அரிசி வேணும். பெரியப்பா அவசரப்படுறாரு.”

அவன் அடுப்படி வாசலில் போய் நின்றான். போடியில் ஏலக்காய்க் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். எம்.காம். எந்த மூட்டை குடோனில் எந்த வரிசையில் இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். தேனியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அரிசி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

போன வாரம் காய்ச்சல் என்றாள். கசாயம் வைத்துக் குடித்துக்கொண்டாள். டெங்கு என்று தெரிந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நேற்று சாயங்காலம் முடிந்துவிட்டது.

முனீஸ்வரி பலகைக்குக் கீழே குனிந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூட்டை அரிசி கொட்டும் டிரம்மில் அடியில்தான் கொஞ்சம் இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் வாளியை இழுத்தாள். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் மணம் வந்தது.

“இந்தா இருக்கே, முக்கா வாளி.”

“அது வேணாம்க்கா.”

காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த வாளியில் போட்டுவிட்டுத்தான் தேவயானி மீதியைக் களைவாள். வண்டு வராமலிருக்க, அவன் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் ஏலக்காய்த் தோலை உள்ளே தூவி வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து அவன் சிரித்தான்.

“ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாத்துனா அது சேமிப்பா? எங்க ஆடிட்டர் கேட்டா அழுதுருவாரு.”

“நேத்து ஒரு பிடி கொறஞ்சது ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சா மாமா?”

“இல்ல.”

“அம்புட்டுத்தான் சேமிப்பு. போய் ஒங்க ஆடிட்டருக்கும் சொல்லிக் குடுங்க.”

வாளி நிறைந்தால் அந்த மாதம் மூட்டை வாங்க வேண்டாம். மூட்டைக் காசு அவளுடையது. அப்படித்தான் பேச்சு. போன முறை குக்கர் வாங்கினாள். இந்த முறை அடுப்படிக்கு ஃபேன். ஜன்னல் இல்லாத அடுப்படி. வீட்டுக்காரரிடம் கேட்டு, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, வயர்கூட இழுத்தாகிவிட்டது. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் வயர் முனை கறுப்பு டேப் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தது.

பின்வாசல் வழியாக மாமியார் கருத்தம்மாள் வந்தாள். மகளைக் குளிப்பாட்டிய ஈரம் சேலையெல்லாம். அழுது குரல் கட்டியிருந்தது. வாளியைப் பார்த்ததும் நின்றாள்.

“இத எடு முனீசு. இதயே போடுவோம்.”

“புழுங்கரிசியா அத்தே? வாய்க்கரிசிக்குப் பச்சரிசிதான போடுவாக? கடைக்கு ஆள் விட்டா வாங்கியாந்துருவாக. பாக்குற சனம் சிரிக்காதா?”

“சிரிக்கட்டும். சாயங்காலம் இங்கனயே ஒக்காந்து சோறு திங்கிறப்ப சிரிப்பு அடங்கிரும். எம்மக பச்சரிசிச் சோத்த வாயில வைக்க மாட்டா. சின்னப் புள்ளைலயே துப்பிப்புடுவா. இன்னைக்குத் துப்பவும் அவளால முடியாதுல்ல.”

முனீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஜயகுமார் வாளியின் கைப்பிடியைப் பிடித்தான். “இது வேணாம் அத்தை. எடுத்தா கொறஞ்சிரும்.”

“கொறஞ்சா என்ன மாப்ள? இனி யாருக்கு?”

“ஃபேனுக்கு.”

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. சுவரில் இருந்த வயரைக் காட்டினான். “இங்கன மாட்டணும்னு சேத்துக்கிட்டிருந்தா. வேர்க்குதுன்னு.”

கருத்தம்மாள் வயரைப் பார்த்தாள். அப்படியே டிரம்மின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அவளுக்கா வேர்க்கும்? ஜெயமங்கலத்துல ஓட்டுக்கொட்டகைல விறகடுப்புல வெந்த புள்ள அது.” மூக்கைச் சிந்திக்கொண்டாள். “போன்ல எங்கிட்டச் சொன்னா. அவரு அடுப்படிக்குள்ள வந்தா வெக்கை தாங்காம ஒடனே ஓடிப்போயிறாருத்தா, ஒரு ஃபேன் மாட்டிட்டா நின்னு ரெண்டு வார்த்தை பேசுவாருன்னா. கிறுக்குச் சிறுக்கி. பேச ஆசைன்னா வாயத் தொறந்து சொல்றதுதான? அரிசி சேத்தாளாம்.”

வெளியே பெரியப்பா சீனிச்சாமி யாரையோ சத்தம் போட்டார். பந்தலில் நாற்காலி இழுபட்டது.

விஜயகுமார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கருத்தம்மாள் எழுந்து பின்னால் வந்தாள்.

வாசலில் பெஞ்சில் தேவயானியைக் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. தலை நிறைய மல்லிகை. நெற்றியில் பெரிய குங்குமம். அவள் இவ்வளவு பெரிதாக வைக்க மாட்டாள்.

“என்னலே, பெயிண்ட் வாளியோட வர்ற?” என்றார் சீனிச்சாமி. “ஒரு தாம்பாளத்துல கொட்டிக் கொண்டாறதுக்கென்ன?”

“இருக்கட்டும் பெரியப்பா.”

அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினார்.

முதலில் கருத்தம்மாள் போட்டாள். மகளின் உதட்டில் ஒட்டிய ஏலக்காய்த் தோலை விரலால் எடுத்துவிட்டாள். சாப்பிடும் குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரி. பிறகு முனீஸ்வரி. பிறகு தெருப் பெண்கள். வாளியை அவனே பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு கை உள்ளே போகும்போதும் அரிசி மட்டத்தைப் பார்த்தான்.

“ஏலே, நீ போடு. மூணு தடவ,” என்றார் சீனிச்சாமி.

ஒரு பிடி அள்ளினான். அவள் வாயில் போட்டான். இரண்டாவது பிடியும் போட்டான். மூன்றாவதை அள்ளி அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது. பிறகு திரும்பி வந்து, பிடியை வாளியிலேயே விட்டது.

“என்னலே பண்ற?” என்றார் பெரியப்பா.

“விடுங்க,” என்றாள் கருத்தம்மாள். “அவுக வீட்டுப் பழக்கம் அது.”

அவன் மூடியை வைத்து அழுத்தினான். நான்கு பக்கமும் டக் டக்கென்று உட்கார்ந்தது. உள்ளே போய் டிரம்முக்குப் பின்னால் பழைய இடத்தில் வாளியை வைத்தான். வெளியே கொட்டு ஆரம்பித்திருந்தது.

“தூக்கலாமாலே?” பெரியப்பாவின் குரல்.

“இந்தா வர்றேன்.”

அடுப்புக்கு எதிரே, டேப் சுற்றிய வயருக்குக் கீழே நின்றான். காற்றே இல்லை. கழுத்திலிருந்து முதுகுக்கு வேர்வை இறங்கியது. சட்டை ஒட்டிக்கொண்டது. அவன் நின்றுகொண்டிருந்தான்.